ஆறாத குடல்

முதல்முறை ரத்தத்தைப் பார்த்தது கம்பெனிக் கழிப்பறையில். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் மின்விசிறிக்கான பாகங்களைப் பொருத்தும் வேலைக்கு நான் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. எண்பதுகளின் முற்பகுதி. எனக்கு இருபத்து நான்கு வயது. மகள் தீபாவுக்கு இரண்டு. மதியச் சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் வயிறு சுருட்டிப் பிடித்தது. ஓடிப்போய் உட்கார்ந்தேன். மலம் வரவில்லை. சளியும் அதோடு கலந்து ரத்தமும் வந்தன. மாதவிலக்கு நாள் இல்லை என்று தெரியும். இருந்தாலும் அதுவாகத்தான் இருக்கும் என்று சொல்லிக்கொண்டு, தண்ணீரை ஊற்றிவிட்டு வேலைக்குத் திரும்பினேன்.

இதே மாதிரி ஒரு கழிப்பறையில், இதே மாதிரி தண்ணீரை ஊற்றிவிட்டு வெளியே வந்து, யாரிடமும் சொல்லாமல் இருக்கும் யாரோ ஒருவருக்காகத்தான் இதை எழுதுகிறேன். எனக்கு மருத்துவம் தெரியாது. என் உடம்பில் நடந்தது மட்டும் தெரியும்.

நான் ஆவடி குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். அப்பா தர்மபுரிப் பக்கத்திலிருந்து படைத்துறைத் தொழிற்சாலை வேலைக்கு வந்தவர். என் கணவர் தாமோதரன், பருத்திப்பட்டில் தலைமுறை தலைமுறையாக நெல் போட்ட குடும்பத்துப் பிள்ளை. அவர் காலத்தில் நிலம் குறைந்து, லேத் பட்டறைக்குப் போய்க்கொண்டிருந்தார். கல்யாணமானதும் திருநின்றவூரில் ஒரு வீட்டில் வாடகைக்கு இருந்தோம். இருவரும் ஒரே மின்சார ரயிலில் ஏறி, அவர் பொதுப் பெட்டியிலும் நான் பெண்கள் பெட்டியிலும் போவோம்.

ரத்தம் நிற்கவில்லை. வாரத்தில் நான்கைந்து நாள் வந்தது. ஸ்டேஷன் பக்கத்து டாக்டர் நாடியைப் பிடித்தார், நாக்கைப் பார்த்தார், மூலம் என்றார். காரத்தைக் குறைக்கச் சொன்னார். என் நாத்தனார் ஏரிக்கரையிலிருந்து துத்தி இலை பறித்து வந்து வதக்கிக் கொடுத்தார். கருணைக்கிழங்கு சாப்பிட்டேன். எல்லாருக்கும் யாராவது ஒரு மூலக்காரரைத் தெரிந்திருந்தது. அதனால் எல்லாரிடமும் ஒரு வைத்தியம் இருந்தது. ஒன்றரை வருடம் இப்படியே போனது.

ரத்தத்தைவிடக் கொடுமை அந்த அவசரம். அதை அனுபவிக்காதவர்களுக்கு விளக்குவது கஷ்டம். வயிறு கலக்குவது வேறு. இது உடம்பு உத்தரவு போடுவது. அரை நிமிடம்கூடத் தராது. மின்சார ரயிலில் கழிப்பறை கிடையாது. எந்த ஸ்டேஷனில் கழிப்பறை பூட்டியிருக்கும், எதில் தண்ணீர் வராது என்றெல்லாம் எனக்கு மனப்பாடம். காலையில் சாப்பிடாமல் வந்தால் தப்பிக்கலாம் என்று பட்டினியாகவே ரயில் ஏறினேன்.

ஒரு நாள் அண்ணனூர் தாண்டி சிக்னலுக்காக ரயில் நின்றுவிட்டது. பற்களைக் கடித்துக்கொண்டு கம்பியைப் பிடித்திருந்தேன். முடியவில்லை. புடவை நனைந்தது. பக்கத்தில் நின்ற ஒரு பெண் என் முகத்தைப் பார்த்தார், பிறகு கீழே பார்த்தார். தன் முந்தானையை விரித்து எனக்குப் பின்னால் மறைப்பாகப் பிடித்துக்கொண்டு, திருமுல்லைவாயிலில் என்னோடு இறங்கினார். குழாயடிவரை கூட வந்தார். அவருக்கு வேலைக்கு நேரமாகியிருக்கும். பெயரைக் கேட்கவும் எனக்குத் தோன்றவில்லை.

சாயங்காலம் கணவர் வந்தபோது நான் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தேன்.

“இன்னா, வேலைக்குப் போவலியா இன்னிக்கு?”

நடந்ததைச் சொன்னேன். கொஞ்ச நேரம் சட்டையைக் கழற்றாமலே நின்றார்.

“ஒன்றர வருசமா மூலம் மூலம்னு சொல்லிக்கினு கீறான் அந்தாளு. பெரியாஸ்பத்திரிக்குப் போலாம். நாளைக்கே போலாம்.”

நகரத்துக்குள் இருந்த அரசு மருத்துவமனையில் ஒரு குழாயை உள்ளே செலுத்திப் பார்த்தார்கள். பார்த்த டாக்டருக்கு என்னைவிட இரண்டு மூன்று வயதுதான் கூட இருக்கும். அவர்தான் முதலில் அந்தப் பெயரைச் சொன்னார்: பெருங்குடல் புண் அழற்சி (பெருங்குடலின் உட்சுவர் சிவந்து, வீங்கி, சிறு சிறு புண்களாகி ரத்தம் கசியும் நீண்டகால நோய்). ஏன் வருகிறது என்று சரியாகத் தெரியாது, ஒட்டுவாரொட்டி இல்லை, முழுக்கப் போய்விடும் என்று சொல்ல முடியாது, அடக்கி வைக்கலாம் என்றார். நான் அழவில்லை. ஒரு பெயர் கிடைத்ததில் எனக்கு நிம்மதிதான்.

மஞ்சள் நிறத்தில் பெரிய மாத்திரைகள் கொடுத்தார்கள். அதைச் சாப்பிட்டால் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும். நோய் முற்றும்போது ஸ்டீராய்டு (அழற்சியை வேகமாக அடக்கும் மருந்து) சேர்த்துக் கொடுப்பார்கள். அது என் முகத்தை வட்டமாக ஊதவைத்தது. ரேஷன் கடை வரிசையில் ஒரு அம்மாள், “ரெண்டாவதா?” என்று வயிற்றைப் பார்த்துக் கேட்டார். ஆமாம் என்று தலையாட்டிவிட்டு வந்தேன். இரண்டாவது குழந்தை வேண்டாம் என்று நாங்கள் அதற்குள் முடிவு செய்திருந்தோம்.

சில மாதங்கள் நன்றாக இருக்கும், திரும்ப வரும். நன்றாக இருக்கும்போது நோயை மறந்துவிடுவேன். வரும்போது உலகம் கழிப்பறை அளவுக்குச் சுருங்கிவிடும். சொந்தக்காரர் கல்யாணங்களுக்குப் போவதை நிறுத்தினேன். தீபாவின் பள்ளிக்கூட விழாக்களில் கடைசி வரிசையில், வாசலை ஒட்டித்தான் உட்காருவேன். அவள் பெரியவளானாள். அம்மாவுக்கு வயிறு சரியில்லை என்ற ஒரு வாக்கியத்தோடு அவள் வளர்ந்தாள்.

தொண்ணூறுகளின் நடுவில் நோய் அடங்கியது. ஒரு வருடத்துக்கு மேல் ரத்தம் இல்லை. உடம்பு தேறியது, முகம் பழையபடி வந்தது. திருநின்றவூரிலேயே சின்னதாக ஒரு வீடு கட்டிக் குடியேறினோம். வாழ்க்கை இனி நேராகப் போகும் என்று எனக்குத் தோன்றியது அப்போதுதான்.

பழைய டாக்டர் மாற்றலாகிப் போயிருந்தார். மாத்திரைச் சீட்டைப் புதுப்பிக்கப் போன அன்று, குடல் நோய்ப் பிரிவில் புதிதாக ஒரு டாக்டரம்மா இருந்தார். நரை ஓடிய தலை, மெதுவான பேச்சு. என் பழைய சீட்டுகளைப் புரட்டிக்கொண்டே கேட்டார்.

“எத்தனை வருஷமா இருக்கு உங்களுக்கு?”

“பன்னெண்டு இருக்கும், டாக்டர். இப்ப நல்லா இருக்கேன்.”

அவர் பேனாவைக் கீழே வைத்தார். “குடல் முழுக்கவா, கடைசிப் பகுதி மட்டுமா?”

“முழுக்கன்னு சொன்னாங்க.”

“உள்ள ஒரு தடவை பார்க்கணும்.”

“எனக்கு ஒண்ணும் செய்யலையே?”

“அதனாலதான் பார்க்கணும்ங்கறேன்.”

அந்தப் பதில் எனக்குப் பிடிக்கவில்லை. அவரையுமே அன்று எனக்குப் பிடிக்கவில்லை.

கேமரா பொருத்திய நீண்ட குழாயை விட்டுப் பார்த்தார்கள். திரையில் என் குடலின் உட்புறம் தெரிந்தது. சுரங்கப் பாதை போல, ஈரமாக, தழும்புகளோடு. பார்வைக்குப் பயங்கரமாக எதுவும் இல்லை. பல இடங்களில் கிள்ளி, சிறு சிறு சதைத் துணுக்குகளைச் சோதனைக்கு எடுத்தார்கள். முடிவைக் கேட்கப் போகும்போது கணவரையும் அழைத்து வரச் சொன்னார் டாக்டரம்மா. அப்போதே புரிந்துவிட்டது.

பல துணுக்குகளில் செல்கள் மாறத் தொடங்கியிருந்தன (வடிவமும் அடுக்கும் குலைந்து, புற்றாகும் பாதையில் இருந்தன). இடது பக்கத்தில் எடுத்த ஒன்றில் புற்றுநோயே இருந்தது. கட்டியாக எழும்பாமல் சுவரோடு சுவராகப் படர்ந்திருந்ததால் கண்ணுக்குத் தெரியவில்லை. பெருங்குடல் முழுவதையும் ஆசனவாயோடு எடுத்துவிட வேண்டும், சிறுகுடலின் முனையை வயிற்றில் ஒரு துளை வழியாக வெளியே கொண்டுவந்து வைப்பார்கள், மலம் அதன் வழியாக ஒரு பையில் சேரும் என்றார்.

என் கணவர் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். “இன்னாங்க டாக்டரம்மா சொல்றீங்க? ரத்தம் நின்னுபோச்சு, வலி இல்ல, நல்லா சாப்புடுது. நல்லாத்தான கீது இப்போ? ஒரு எடத்துல கீதுன்னா அத்த மட்டும் எடுத்துடுங்க.”

டாக்டரம்மா கோபப்படவில்லை. அன்று வெளியே நீண்ட வரிசை நின்றது. ஆனாலும் அவர் சொன்னதை ஏறக்குறைய அவர் சொன்னபடியே எழுதுகிறேன்; எனக்கு அதற்கு முன் யாரும் இதைச் சொல்லியிருக்கவில்லை.

“கால்ல முள்ளு குத்தினா அந்த இடம் சிவந்து, சூடாகி, வீங்குதில்ல? அதுதான் அழற்சி. அது நமக்கு நல்லது செய்யற விஷயம். அடிபட்ட இடத்துல இருக்கிற செல்லுங்க சைட்டோகைன்னு (செல்கள் ஒன்றுக்கொன்று சேதி சொல்லப் பயன்படுத்தும் நுண்ணிய புரதம்) ஒண்ணை வெளிய விடும். அதுல பல வகை இருக்கு. ஒரு வகை, ‘இங்க அடிபட்டிருக்கு, வாங்க’ன்னு வெள்ளணுக்களைக் கூப்பிடும். இன்னொண்ணு, ‘சீக்கிரம் பெருகுங்க, புண்ணை மூடணும்’னு பக்கத்து செல்லுங்களுக்குச் சொல்லும். இன்னொண்ணு, ‘இப்ப சாகக்கூடாது’ன்னு சொல்லும். புதுசா ரத்தக் குழாய் போடச் சொல்றதும் உண்டு. புண்ணு ஆறினா சேதி நின்னுடணும்.”

“எனக்கு நிக்கலையா?” என்றேன்.

“பன்னெண்டு வருஷமா நிக்கல. மாத்திரை சத்தத்தைக் குறைச்சுது, நிறுத்தல. செல்லு பெருகும்போதெல்லாம் தன்னைப் பாத்துத் தானே இன்னொண்ணை எழுதுது. வேகமா எழுதினா தப்பு வரும். அழற்சியில வர்ற ரசாயனங்களும் அந்த எழுத்தைக் கெடுக்கும். சாதாரணமா தப்பான செல்லு செத்துடும். ஆனா இங்க ‘சாகாதே, பெருகு’ன்னு சொல்லிக்கிட்டே இருக்காங்க. நல்ல செல்லுக்குச் சொன்னது கெட்டதுக்கும் கேக்குது. இதுல இன்னும் எங்களுக்கே தெரியாதது நிறைய இருக்கு. ஆராய்ச்சி நடந்துக்கிட்டே இருக்கு. ஆனா ஒரு இடத்தை மட்டும் வெட்டி எடுத்தா போதாதுங்கறது தெரியும். அந்தக் குடல் முழுக்க அதே சேதிதான் போயிருக்கு.”

திரும்பி வரும்போது ரயிலில் கூட்டம் இல்லை. பொதுப் பெட்டியில் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து வந்தோம். ஆவடி வந்தபோது கணவர், “வேற டாக்டரப் பாக்கலாம்” என்றார். பார்த்தோம். அந்த டாக்டரும் அதையேதான் சொன்னார், இன்னும் சுருக்கமாக.

நான் சம்மதிக்க மூன்று வாரங்கள் எடுத்துக்கொண்டேன். சாவைப் பற்றிய பயம் இருந்தது. அதைவிட அந்தப் பையைப் பற்றிய பயம். நோய் படுத்திய வருடங்களில் வெட்டி எடுக்கச் சொல்லியிருந்தால் கொண்டாடிக்கொண்டு ஒப்புக்கொண்டிருப்பேன். உடம்பு நன்றாக இருக்கும்போது அதில் ஒரு பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள் என்று கொடுப்பது வேறு. என் உடம்பு சொல்வதை நம்புவதா, துணுக்குச் சோதனை சொல்வதை நம்புவதா என்று தெரியாமல் தவித்தேன்.

அறுவைசிகிச்சைப் பிரிவின் நடைபாதையில் டாக்டரம்மா எனக்கு ஒருவரை அறிமுகம் செய்துவைத்தார். பெயர் கன்னியம்மா. பூந்தமல்லி மார்க்கெட்டில் பூ விற்பவர், ஐம்பதை நெருங்கும் வயது. மலக்குடல் புற்றுக்காக ஒரு வருடத்துக்கு முன் அறுவை செய்துகொண்டவர். எங்களை பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு டாக்டரம்மா போய்விட்டார்.

“இன்னாம்மே, பயந்துகினு கீறியா?”

“ஆமாங்க.”

“நானும் பயந்தேன். நாறும்னு நெனச்சேன். பூக்காரி கிட்ட நாத்தம் வந்தா எவ வாங்குவா, சொல்லு.” தன் வயிற்றுப் பக்கத்தைத் தட்டிக் காட்டினார். “இப்போ கீது பாரு இங்க. ஒனக்கு நாறுதா?”

நாறவில்லை. மல்லிகை வாசனைதான் வந்தது. கதவோரமாக என்னைக் கூட்டிப்போய், புடவையை விலக்கிக் காட்டினார். சிவந்த, ஈரமான, சிறிய மொட்டுப் போல ஒன்று. அதன்மேல் பை.

“தொட்டாலும் வலிக்காது. அதுக்கு ஒணர்ச்சி இல்ல. மொத மாசம் கஸ்டமா கீது. வேர்வைல பை கயண்டுகினு வரும், தோலெல்லாம் எரியும். அப்பால பயகிடும். நான் மூலம்னு நெனச்சி நாலு வருசம் வுட்டுட்டேன். ஒனக்குத்தான் முன்னாடியே சொல்லிட்டாங்களே. பண்ணிக்க.”

அன்று சாயங்காலமே சம்மதம் சொன்னேன்.

அறுவை முடிந்து கண் விழித்தபோது தாகம்தான் முதலில் தெரிந்தது. அடுத்து, வயிற்றின் வலது பக்கம் ஏதோ ஒன்று வெதுவெதுப்பாக ஒட்டிக்கொண்டிருப்பது தெரிந்தது. நான் அதைப் பார்க்கவில்லை. நர்ஸ் பையை மாற்ற வரும்போதெல்லாம் சுவரைப் பார்த்துக்கொண்டேன். நான்கு நாட்களாகியும் பார்க்கவில்லை. வீட்டுக்குப் போக வேண்டுமென்றால் நீங்களே மாற்றக் கற்றுக்கொள்ள வேண்டும் என்றார் நர்ஸ். அழுகை வந்தது.

“எனக்குச் சொல்லிக் குடுங்க, சிஸ்டர்” என்றார் என் கணவர்.

லேத்தில் இரும்பை மயிரிழை துல்லியமாகக் கடைகிற கைகள் அவை. தோலில் ஒட்டும் அட்டையில் துளையை அளந்து வெட்டினார், தோலைத் துடைத்து உலர்த்தினார், பையை ஒட்டினார். முதல் தடவை சரியாக ஒட்டவில்லை. அவர் சட்டைமேலேயே கொட்டியது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். அவர் கழுவிவிட்டு வந்து திரும்ப ஆரம்பித்தார். முடித்ததும் போர்வையை இழுத்துவிட்டு, என் காதோரம் சொன்னார்:

“நான் பாத்துட்டேன். ஒண்ணுமில்ல அது. நீ அப்பால பாரு. அவசரமில்ல.”

இரண்டு நாள் கழித்துப் பார்த்தேன். கன்னியம்மா காட்டியது போலத்தான் இருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது மெல்லச் சுருங்கி விரிந்தது. உன்னைக் கேட்காமல், நான் என் பாட்டுக்கு வாழ்கிறேன் என்று அது சொல்வது போல.

எடுத்த குடலைச் சோதித்ததில், புற்று தசை அடுக்கைத் தாண்டவில்லை, நிணநீர்க் கணுக்களுக்குப் (தொற்றையும் பரவும் செல்களையும் வடிகட்டும் சிறு முடிச்சுகள்) போகவில்லை என்று வந்தது. புற்றுக்கான மருந்து ஏற்ற வேண்டியதில்லை, சோதனைக்கு மட்டும் வந்துகொண்டிருங்கள் என்றார்கள். டாக்டரம்மா என் கையைப் பிடித்து ஒரு முறை அழுத்தினார். அன்று எனக்குப் பிடிக்காமல் போன, ‘அதனாலதான் பார்க்கணும்’ என்ற அந்தப் பதிலுக்கு நான் இன்றுவரை நன்றி சொல்லவில்லை. எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

பழகுவதற்கு மாதங்கள் ஆயின. சித்திரை வெயிலில் பசை இளகிவிடும். பெருங்குடல் இல்லாததால் உடம்பில் தண்ணீர் தங்காது. உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைப் பாட்டிலில் வைத்துக் குடித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒருமுறை குடிக்க மறந்து கம்பெனியில் மயங்கி விழுந்தேன். புதுப் பைகள் எளிதில் கிடைக்காது. கழுவிக் காயவைத்துத் திரும்பவும் பயன்படுத்தினோம். தீபா அப்போது பத்தாவது படித்தாள். கொடியில் தொங்கும் பையை அவள் ஒருநாள் தன் பாவாடையோடு சேர்த்து எடுத்து மடித்து வைத்தாள்.

கன்னியம்மாவுக்கு நோய் கல்லீரலில் திரும்ப வந்தது. பூந்தமல்லியில் கோயிலுக்குப் பின்பக்கம் இருந்த அவர் வீட்டுக்கு இரண்டு முறை போனேன். இரண்டாம் முறை அவரால் உட்கார முடியவில்லை. கண்கள் மஞ்சளாகியிருந்தன. மருமகள் தலையைத் தாங்கிப் பிடித்திருந்தாள்.

“ஒனக்கு எப்டி கீது?”

நன்றாக இருக்கிறேன் என்று அவரிடம் எப்படிச் சொல்வது என்று அவர் போர்வையைச் சரிசெய்தேன்.

“சொல்லும்மே. நல்லா கீறேன்னு சொல்லு. அத்தக் கேக்கத்தான ஒன்ன வரச்சொன்னேன்.”

“நல்லா இருக்கேங்க.”

“அது.”

அந்த மாதமே போய்விட்டார். ஏன் அவர், ஏன் நான் இல்லை என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். “உங்களுக்குச் சீக்கிரம் தெரிஞ்சுது. அவங்களுக்குத் தெரியல. அவ்வளவுதான்” என்றார். என் பக்கத்தில் புண்ணியம் எதுவும் இல்லை. மாத்திரைச் சீட்டுக்காகப் போன ஒரு நாளில் ஒருவர் பேனாவைக் கீழே வைத்துக் கேட்டார். கன்னியம்மாவுக்கு அப்படிக் கேட்க ஒருவர் அமையவில்லை.

ரத்தம் போனால் மூலம் என்று நீங்களே தீர்மானித்துவிடாதீர்கள். குடல் அழற்சி உங்களுக்குப் பல வருடமாக இருந்தால், நன்றாக இருக்கும்போதும் உள்ளே பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். எல்லாருக்கும் எனக்கு ஆனதுபோல ஆகாது. பெரும்பாலானவர்களுக்கு ஆகவே ஆகாது என்றுதான் டாக்டரம்மா சொல்வார். ஆனாலும் கேளுங்கள்.

இப்போது என் நாட்கள் வேறு மாதிரி போகின்றன. சாப்பிட்ட அரை மணியில் பை கனக்கும். அதைக் காலி செய்யும் வேளைகளை வைத்துத்தான் என் பொழுது நகர்கிறது. அடுத்த சோதனை வரைக்கும் யோசிப்பேன். அதற்கு அப்பால் யோசிப்பதில்லை. தீபாவின் கல்யாணத்தைப் பற்றி யாராவது பேசினால் கேட்டுக்கொள்வேன், அவ்வளவுதான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். யாரும் இதை எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. சில காலை வேளைகளில் எனக்கு அந்தப் பழைய அவசரம் வருகிறது. உட்கார வேண்டும், உடனே, இப்போதே என்று. உட்கார்வதற்கு உடம்பில் அந்த வழியே இல்லை; தைத்து மூடியிருக்கிறது. குடலும் இல்லை, மலக்குடலும் இல்லை. ஆனால் அவசரம் மட்டும் வருகிறது. பலருக்கு அப்படித்தான், நரம்புகளுக்கு இன்னும் தெரியாது என்றார் டாக்டரம்மா.

முதலில் பயந்தேன். இப்போது பயமில்லை. அது வரும்போது செய்துகொண்டிருக்கும் வேலையை விட்டுவிட்டு, சமையலறைச் சுவரில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்துகொள்கிறேன். எங்கேயும் ஓட வேண்டியதில்லை. நிற்காது என்று தோன்றும். கொஞ்ச நேரத்தில் நின்றுவிடுகிறது.

“இன்னா, திரும்ப வந்துச்சா?” என்று கூடத்திலிருந்து அவர் கேட்பார்.

“வந்துச்சு. போயிடும்.”

உலையில் அரிசி வெந்துகொண்டிருக்கும். வேகும் வரைக்கும் அப்படியே உட்கார்ந்திருப்பேன்.